பழைய காருக்கு 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' தேவையா?

பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த இலையில் இருந்த அம்மையார் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க ரயில்வேயில இன்ஜினீயரா இருந்தவர்தானே? ஒரு சந்தேகம். பன்னிரண்டு வருஷத்து வண்டிக்கு இன்னும் ஃபுல் இன்ஷூரன்ஸ் கட்டணுமா? என் பிள்ளை வேண்டாங்கறான், ஏஜென்ட் வேணுங்கறார்" என்று கேட்டார்.

பாயசம் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. வண்டி எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார்கள், கையில் சேமிப்பு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. "காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வாருங்கள் அம்மா, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிப்பையோடு வந்தார். அந்தப் பையில் இருந்ததைப் பார்த்தபோதுதான், இதைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதினால் பத்துக் குடும்பங்களுக்காவது பயன்படும் என்று தோன்றியது. நான் இன்ஷூரன்ஸ்காரன் அல்ல. டிப்ளமோ படித்து, மாட்டுங்கா ஒர்க்ஷாப்பில் பெட்டிகளைப் பழுதுபார்த்து, 2019-ல் ஓய்வுபெற்றவன். ஆனால் ஒரு பழைய பெட்டிக்கு மேலும் செலவு செய்யலாமா, 'கண்டம்' என்று எழுதிவிடலாமா என்று கணக்குப் பார்ப்பது என் தொழிலாக இருந்தது. காருக்கும் அதே கணக்குத்தான்.

ஒரு பாலிஸி, இரண்டு பகுதிகள்

'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று நாம் சொல்வது இரண்டு பகுதிகள் சேர்ந்தது. முதல் பகுதி தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் வெளியாருக்கு உயிர்ச்சேதமோ காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால், நாம் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை இது கொடுக்கிறது. இரண்டாவது பகுதி சொந்தச் சேதம், அதாவது ஓ.டி. மோதல், தீ, திருட்டு, வெள்ளம், மரம் விழுதல், கலவரம் இவற்றால் நம் வண்டிக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு இது.

முதல் பகுதி 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி கட்டாயம். வண்டிக்கு வயது ஒன்றானாலும் இருபதானாலும், மாதம் ஒரு முறைதான் தெருவில் இறங்கினாலும் கட்டாயம். 2019 செப்டம்பரில் அமலான திருத்தத்தின்படி, இது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும் அடுத்த முறை 4,000 ரூபாயும் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. ஆனால் அபராதம் பெரிய விஷயம் அல்ல. ஓர் உயிர் போனால் தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் அந்தத் தொகை உரிமையாளரின் வீட்டையும் பென்ஷன் பணத்தையும் தேடி வரும். "பழைய வண்டிதானே, அப்படியே விட்டுவிட்டேன்" என்று நம் சங்கத்திலேயே இரண்டு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இந்தப் பகுதிக்கான பிரீமியத்தை நிறுவனங்கள் இஷ்டப்படி வைக்க முடியாது. 2022 ஜூன் 1 அன்று அமலான பட்டியலில் 1,000 சி.சி. வரையிலான தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கும் மேல் 7,897 ரூபாய். வரி தனி.

ஆக, நாம் யோசிக்க வேண்டியது இரண்டாவது பகுதியைப் பற்றி மட்டுமே.

2005-ல் நான் செய்த தவறு

அப்போது குர்லாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஊர் மாற்றலாகிப் போன நண்பர் ஒருவரிடம் வாங்கிய 1992-ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி என்னிடம் இருந்தது. என் தகப்பனாரை மாதம் இரண்டு முறை சயானுக்கு, இதய வைத்தியத்துக்கு அழைத்துப்போக அந்த வண்டிதான். அதற்குப் பத்து வயது ஆனதும், "கிழட்டு வண்டிக்கு எதற்கு முழுப் பாலிஸி" என்று ஓ.டி. பகுதியை நிறுத்திவிட்டேன். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். சாமர்த்தியம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் இருபத்து நாலு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி நதி பெருகி வந்தது. நான் ஒர்க்ஷாப்பிலிருந்து வீடு வந்து சேர்ந்தது மறுநாள் மதியம். வண்டி ஸ்டியரிங் மட்டத்துக்கு மேல் சேற்றில் மூழ்கி எழுந்திருந்தது. மெக்கானிக் 22,000 ரூபாய் கேட்டார். அதே மாதம் மகளின் கல்லூரிக் கட்டணம். பி.எஃப். முன்பணம் எடுத்து இரண்டையும் சமாளித்தேன். வண்டி கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அப்பாவைக் கைத்தாங்கலாக டாக்ஸியில் ஏற்றி இறக்கினோம்.

பிறகு பல நாள் யோசித்தேன். ஓ.டி.யை நிறுத்தியது மட்டும் தவறில்லை. பழைய வண்டி என்பதால் கழிவெல்லாம் போக அந்த 22,000-ல் பாதிதான் வந்திருக்கும். என் தவறு வேறு. மூன்று வருடம் மிச்சம் பிடித்த பணத்தைத் தனியே வைக்கவில்லை. அவசரத்துக்கு வேறு கையிருப்பும் இல்லை. ரயில்வேயில் தேய்மான ஒதுக்கு நிதி என்று ஒன்று உண்டு. சொத்து தேயத் தேய, அதை மாற்றுவதற்கான பணத்தைப் பக்கத்தில் ஒதுக்கிக்கொண்டே வருவார்கள். அதை ஆபீஸில் தினமும் கேட்ட நான் வீட்டில் கடைப்பிடிக்கவில்லை. இன்ஷூரன்ஸை நிறுத்துகிறவன், அன்று முதல் தானே தன் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகிவிடுகிறான். கம்பெனிக்குக் கல்லாப்பெட்டி வேண்டாமா?

கம்பெனி கொடுப்பது எவ்வளவு?

ஓ.டி. பகுதியின் அச்சாணி ஐ.டி.வி. என்னும் தொகை. வண்டியின் இன்றைய மதிப்பாக பாலிஸியில் எழுதியிருப்பது அதுதான். வண்டி முழுதும் தொலைந்தால் கிடைக்கும் அதிகபட்சமும் அதுதான். விற்பனை விலையிலிருந்து முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவிகிதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50 என்று கழித்துக்கொண்டே வருவார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் நிறுவனமும் நாமும் பேசி ஒப்புக்கொள்கிற தொகை. எனவே பழைய வண்டிக்காரர்கள் புதுப்பிக்கும்போது ஐ.டி.வி.யை அவசியம் பார்க்க வேண்டும். பிரீமியம் குறைய வேண்டும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடுவது குடையைச் சிறிதாக்கி வாங்குவது போல.

அடுத்தது உதிரி பாகங்களின் தேய்மானம். ரப்பர், பிளாஸ்டிக், பாட்டரி, டயர், டியூப் எல்லாவற்றுக்கும் வண்டியின் வயது என்னவானாலும் 50 சதவிகிதம் கழிவு. ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோக பாகங்களுக்கு ஐந்திலிருந்து பத்து வருடம் வரை 40 சதவிகிதம், பத்துக்கு மேல் 50. பெயிண்ட் வேலையில் பொருள் விலைக்கு மட்டும் 50 சதவிகிதம். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்காமல் இருந்தால் மொத்தத்தில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்துக்கொள்வார்கள். கூலிக்குக் கழிவு கிடையாது. கடைசியில், கட்டாயமாக நாம் ஏற்கவேண்டிய பங்கு 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000.

புது வண்டிக்கு 'தேய்மானம் இல்லாத' கூடுதல் காப்பு வாங்கலாம். பழைய வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை.

ஒரு பில்லைப் போட்டுப் பார்ப்போம்

என் வண்டி 2013-ல் வாங்கிய மாருதி வேகன் ஆர், 998 சி.சி. ஐ.டி.வி. 1,20,000 ரூபாய். ஓ.டி. பிரீமியம் 4,100, ஐந்து வருடத்துக்கு மேல் க்ளெய்ம் இல்லாததால் 50 சதவிகிதம் நோ க்ளெய்ம் போனஸ் போக 2,050. வரி 18 சதவிகிதம் சேர்த்தால் 2,419.

முன்பக்கம் இடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். (பில்லின் வரியை விட்டுவிடுகிறேன்.)

முன் பம்பர் 4,000 – கழிவு 2,000
ஹெட்லைட் 3,500 – கழிவு 1,750
பானெட் 6,000 – கழிவு 3,000
பெயிண்ட் மொத்தமாக 6,000 – கழிவு 750
கூலி 3,500 – கழிவு இல்லை
மொத்தம் 23,000 – கழிவு 7,500
நம் பங்கு 1,000

ஆக நிறுவனம் தருவது 14,500. "பரவாயில்லையே!" என்று தோன்றும். கணக்கு இன்னும் முடியவில்லை. க்ளெய்ம் வாங்கினால் போனஸ் போய்விடும். அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி, மறுபடி 50-க்கு வர ஐந்து வருடம். 4,100 ரூபாயில் அந்த இடைவெளிகளைக் கூட்டிப் பாருங்கள்: 2,050, 1,230, 1,025, 615, 205. மொத்தம் 5,125, வரியோடு சுமார் 6,050. ஐ.டி.வி. வருடா வருடம் இறங்குவதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையும். இருந்தாலும் 14,500-ல் 6,050 திரும்பப் போகிறது. 23,000 ரூபாய் பில்லுக்கு நமக்கு உண்மையில் கிடைத்த உதவி 8,450 மட்டுமே.

இதே கணக்கில் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் பில்லுக்கு க்ளெய்ம் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. கோபத்தில் உடனே க்ளெய்ம் எழுதிவிடாமல், முதலில் காகிதத்தில் இப்படி ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் கீறல், நசுங்கலுக்கு இன்ஷூரன்ஸ் உதவாது. அது கைச்செலவுதான்.

அப்படியானால் ஓ.டி. எதற்கு? பெரிய நஷ்டத்துக்கு. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கிட வேண்டும் என்பது விதி. எங்கள் ஒர்க்ஷாப் பாஷையில் 'கண்டம்'. என் வண்டிக்கு அந்த வரம்பு 90,000. அதைத் தாண்டினாலும், வண்டி திருட்டுப் போனாலும், 1,000 கழித்து 1,19,000 கிடைக்கும். அதற்கு நான் கட்டுவது 2,419. 1,19,000-ஐ 2,419-ஆல் வகுத்தால் 49. அதாவது நாற்பத்தொன்பது வருடத்தில் ஒரு முறை வண்டி முழுதாகப் போனால் கட்டியதும் வந்ததும் சரி. அதே வண்டிக்கு போனஸ் இல்லையென்றால் பிரீமியம் இரட்டிப்பாகி, அந்த எண் இருபத்தைந்துக்குக் கீழே வந்துவிடும்.

பெயரில் இருக்கிறது விஷயம்

இனி அந்தத் துணிப்பைக்கு வருகிறேன். அம்மையாரின் கணவர் வங்கி அதிகாரியாக இருந்தவர். காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. ஆர்.சி. அவர் பெயரில். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பாலிஸியும் அவர் பெயரிலேயே இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டிருந்தது. பிள்ளை பூனாவில் இருக்கிறான். பழைய எண்ணைப் போட்டு, பணத்தைக் கட்டி, வந்த காகிதத்தை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். யாரும் பெயரைப் பார்க்கவில்லை.

வழக்கமான பாலிஸியில் ஒரு வாசகம் உண்டு. பாலிஸிதாரர் இறந்தால், இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிஸி முடியும் நாள், இதில் எது முந்தியோ அதுவரைதான் அது செல்லும். அதற்குள் வாரிசுகள் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்துத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது புதுப் பாலிஸி எடுக்க வேண்டும். இல்லாத ஒருவரின் பெயரில் புதுப்பித்த பாலிஸியில் க்ளெய்ம் போனால், நிறுவனம் மறுக்க இடம் இருக்கிறது. "இரண்டு வருஷமா கட்டினது வீணா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "இந்த இரண்டு வருடமும் ஒன்றும் நடக்காமல் இருந்ததே, அதை நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றேன்.

நம் போன்ற மாற்றல் உத்தியோகக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. ஊர் மாறிப்போகிற நண்பரிடம் காரை வாங்குகிறோம். நண்பர்தானே என்று பாலிஸியை அவர் பெயரிலேயே விட்டுவைக்கிறோம். சட்டத்தின் 157-ஆம் பிரிவின்படி தேர்ட் பார்ட்டி காப்பு வண்டியோடு புது உரிமையாளருக்கு வந்துவிடும். ஆனால் ஓ.டி. தானாக வராது. 1996-ல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கிய 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓ.டி. கட்டிக்கொண்டிருந்தால், ஆள் இல்லாத வீட்டுக்கு வாடகை கட்டுவது போலத்தான். நோ க்ளெய்ம் போனஸும் வண்டியோடு வராது; அது விற்றவரின் சொத்து.

ஆகவே ஓ.டி. வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதற்கு முன் ஆர்.சி.யையும் பாலிஸியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர், உயிரோடு இருப்பவர் பெயர், இருக்க வேண்டும். வண்டிக்குப் பதினைந்து வருடம் ஆகிவிட்டால் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஓ.டி.யோடு சேர்ந்து போகிறவை

மோதல் சேதத்தை மட்டும் மனதில் வைத்து ஓ.டி.யை நிறுத்துகிறவர்கள், கூடவே வேறு சிலவற்றையும் இழக்கிறார்கள்.

முதலாவது, வெள்ளமும் மரமும். மும்பையில் சயான், கிங்ஸ் சர்க்கிள், குர்லா போன்ற இடங்களில் வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு மோதலைவிட இதுதான் பெரிய அபாயம். ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்தால், அது வெள்ளத்தால் வந்த சேதம் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சாதாரண பாலிஸியில் மறுப்பார்கள். தள்ளி வெளியே எடுத்து, படம் பிடித்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, போனஸ். ஓ.டி.யைப் புதுப்பிக்காமல் 90 நாள் தாண்டினால் சேர்த்த 50 சதவிகிதமும் போய்விடும். ஆனால் பழைய வண்டியை விற்கும்போது ஓ.டி. உயிரோடு இருந்தால், போனஸுக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, மூன்று வருடத்துக்குள் வாங்கும் வேறு காரில் அதைப் பயன்படுத்தலாம். புதுக் காருக்கு ஓ.டி. பிரீமியம் 16,000 என்றால் 8,000 மிச்சம். இரண்டு மூன்று வருடத்தில் புது வண்டி வாங்க நினைப்பவர், பழைய வண்டியின் ஓ.டி.யை நிறுத்துவது அந்த 8,000 ரூபாயைத் தூக்கி எறிவதுதான்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: பின்சீட்டில் உட்காருகிறவர்கள். சட்டம் கட்டாயமாக்கிய தேர்ட் பார்ட்டி பாலிஸி மட்டும் இருந்தால், தனியார் காரில் இலவசமாக வருகிற உறவினருக்கும் நண்பருக்கும் அதில் காப்பு இல்லை என்று பல வழக்குகளில் தீர்ப்பாகியிருக்கிறது. முழுப் பாலிஸியாக இருந்தால் காரில் வருகிறவர்களுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் சுற்றறிக்கை விட்டது; 2012-ல் உச்ச நீதிமன்றமும் இரண்டு பாலிஸிகளுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னது. ஊரிலிருந்து தாதர் எக்ஸ்பிரஸில் வரும் மச்சினர் குடும்பத்தை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருகிறோமே, அவர்களைப் பற்றிய விஷயம் இது. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுப்பவர்கள், கூடுதல் பிரீமியம் கட்டிப் பயணிகளுக்கு விபத்துக் காப்பாவது சேர்க்க வேண்டும். ஆனால் அதில் தொகை வரம்பு உண்டு. முழுப் பொறுப்புக்கு அது ஈடாகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால், கடன் கொடுத்தவர் வழக்கமாக முழுப் பாலிஸியைக் கேட்பார். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது. 'தேர்ட் பார்ட்டியுடன் தீயும் திருட்டும்' என்ற நடுவழியும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். ஆனால் அதில் வெள்ளம் வராது.

மூன்று கேள்விகள்

இவ்வளவையும் சுருக்கினால் மூன்று கேள்விகள்.

1. வண்டி முழுதாகப் போனால் கைக்கு வருவது எவ்வளவு? ஐ.டி.வி.யிலிருந்து நம் பங்கைக் கழியுங்கள்.

2. அதற்காக வருடம் கைவிட்டுப் போவது எவ்வளவு? ஓ.டி. பிரீமியத்தை வரியோடு எடுத்து, அது முதல் தொகையில் எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள். என் அனுபவக் கணக்கில் 2, 3 சதவிகிதம் என்றால் மலிவு. 4-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். 6-ஐ நெருங்கினால் நிறுத்தலாம். இது என் அளவுகோல், சட்டம் அல்ல.

3. அந்தத் தொகையை நாளைக் காலை இழந்தால், கடன் வாங்காமல் தாங்க முடியுமா? அல்லது அந்த வண்டியே இல்லாமல் குடும்பம் நடக்குமா?

மூன்றாவது கேள்விதான் தீர்மானிக்கிறது. வண்டியின் வயது தீர்மானிப்பதில்லை.

கல்யாணில் இருக்கும் என் நண்பர், ஓய்வுபெற்ற லோகோ பைலட். அவருடைய காருக்குப் பதினாறு வயது. பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறார். ஐ.டி.வி. 45,000. சென்ற வருடம் க்ளெய்ம் வாங்கியதால் போனஸ் இல்லை. ஓ.டி. வரியோடு 1,888, நாலு சதவிகிதத்துக்கு மேல். வண்டி மேட்டில், கூரைக்குக் கீழே நிற்கிறது. தனியாக மார்க்கெட் வரை போய் வருகிறார். போனால் அவருக்கு ஆட்டோ போதும். "நிறுத்திவிடுங்கள், ஆனால் 1,888 ரூபாயை வருடா வருடம் போஸ்ட் ஆபீஸில் போடுங்கள்" என்றேன். போடுகிறார். பாஸ்புத்தகத்தைக் காட்டினார்.

என் விஷயம். இப்போது முலுண்டில் இருக்கிறோம். வண்டி மாடிப் பார்க்கிங்கில் நிற்கிறது. மாதம் நாலைந்து முறைதான் எடுக்கிறேன். 1,19,000 போனால் வருத்தப்படுவேன், முழுகிப்போக மாட்டேன். ஓ.டி.யை நிறுத்தலாம் என்ற முடிவோடுதான் பென்சிலை எடுத்தேன். ஆனால் பின்சீட்டு கணக்கு வந்ததும் கை நின்றது. நான் வண்டி எடுக்கும் நாலு முறையில் மூன்று முறை யாராவது ஒருவர் பின்னால் இருக்கிறார். பெரும்பாலும் பேத்தி, அல்லது ஊரிலிருந்து வந்தவர்கள். வருடம் 2,419 ரூபாய்க்கு அந்த நிம்மதி மலிவு. தொடர்ந்து கட்டுகிறேன்.

அம்மையாருக்குச் சொன்னது

அவருடைய வண்டி சயானில், தெருவில், தண்ணீர் தேங்கும் இடத்தில் நிற்கிறது. கண் வைத்தியத்துக்காக ஒரு டிரைவரை வைத்துப் போய் வருகிறார். பிள்ளை ஒன்றரை வருடத்தில் புது வண்டி வாங்கப் போகிறான். இறந்த பாலிஸிதாரரின் போனஸை, வண்டி யார் வசம் வருகிறதோ அந்த மனைவி அல்லது பிள்ளைகளுக்கு மாற்றித் தர விதியில் இடம் இருக்கிறது. ஓ.டி.யும் மலிவு. எனவே என் பதில்: "இன்னும் ஒன்றரை வருடம் முழுப் பாலிஸி இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் பெயர்."

ஆர்.டி.ஓ.வில் படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை மாற்ற வேண்டும். அம்மையாருக்கு லைசென்ஸ் இல்லை. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்குத்தான். ஆகவே பிள்ளை பெயருக்கே மாற்றி, அவன் பெயரில் புதுப் பாலிஸி எடுக்கச் சொன்னேன். போனஸ் மாற்றத்தை எழுத்தில் கேட்கச் சொன்னேன். அதுவரை வண்டியைத் தெருவில் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். 2021 முதல் ஆர்.சி.யிலேயே வாரிசுதாரர் பெயரைக் குறிப்பிட வசதி வந்திருக்கிறது. எல்லோரும் செய்துவைத்தால் நல்லது.

போகும்போது ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இதிலேயாவது அவர் பேர் இருக்கட்டும்னு நினைச்சேன் சார்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவரே, "மாத்திடறேன். அவர் இருந்தா முதல்ல அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்" என்று காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டார்.

சென்ற மாதம் புது ஆர்.சி. வந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். போனஸும் மாறிவிட்டதாம். இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் வீட்டு ஆர்.சி.யையும் பாலிஸியையும் எடுத்து மேஜைமேல் வையுங்கள். முதலில் பெயரைப் பாருங்கள். பிறகு மூன்று கேள்விகளுக்கும் பென்சிலால் பதில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் மாதக் கூட்டத்துக்கு வரும்போது காகிதங்களைக் கொண்டு வாருங்கள். கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.